கண்ணாடிக்குள் புகும் ஈரம்



எழுதுவதினும் எழுதியதைக் காப்பது அரிது. இதனை நம்மவர்க்கு எவரும் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. சிறுப்பிட்டி தந்த பேரறிஞர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றியபோது, தொட்டால் உதிரும் ஏடுகளோடு தாம் பட்ட பாட்டைத் தமது பதிப்புரையில் உருக்கமாக எழுதிவைத்தார். பனையோலைக்குப் பகை மூன்று: தீ, நீர், செல். அவற்றுள் தீயின் கொடுமையை 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே கண்டோம். நீரின் கொடுமையை 2004 மார்கழி 26 ஆம் நாள் நம் கரையோர ஊர்களிலே கண்டோம். சுவரில் மாட்டியிருந்த திருமணப் படமும், பெட்டியில் வைத்திருந்த காணி உறுதியும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் அன்று ஒரே அலையில் போயின.

இன்றோ நம் ஏடு கண்ணாடித் திரையாக மாறிவிட்டது. ஊரிலுள்ள தாயின் முகம் அதிலே தோன்றுகிறது. சட்டத்தரணியின் கடிதம் அதிலே வருகிறது. நீதிமன்றத் தவணை அதிலே குறிக்கப்பட்டிருக்கிறது. புகலிடம் கோரி முடிவுக்குக் காத்திருப்போருள் சிலர், கைத்தொலைபேசியில் தம் முகத்தைப் படம்பிடித்து அதிகாரிகளுக்கு அனுப்பித் தம் இருப்பை உறுதிசெய்யவும் வேண்டியிருக்கிறது. அத்தகையோருக்குத் திரை இருண்டுபோவது பொருள் நட்டம் மட்டுமன்று.

ஹூஸ்ரனுக்கு அண்மையில் வாழும் வாசகி ஒருவர் எமக்கு எழுதிய மடலே இவ்வாரக் கட்டுரைக்குக் காரணம். நீரில் வீழ்ந்த தமது கைத்தொலைபேசியை அரிசிப் பானைக்குள் மூன்று நாள் புதைத்து வைத்தாராம், திரை விழிக்கவில்லையாம். அதனுள்ளே காலஞ்சென்ற தம் தாயாரின் குரற்பதிவுகள் உள்ளனவாம். "குரல் போய்விட்டதா?" என்று கேட்டிருக்கிறார். விடை கூறுமுன், திரைக்கும் ஈரத்துக்கும் உள்ள பகையின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். அவ்வரலாற்றின் ஒரு முக்கிய பகுதி நாம் குடியேறி வாழும் நியூ ஜேர்சி, சான் பிரான்சிஸ்கோ குடாப் பகுதி, ரெக்சாஸ் ஆகிய மூன்று இடங்களிலேயே நிகழ்ந்தது என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி.

பிறின்ஸ்ரனில் பிறந்த திரை

திரவப் பளிங்கு என்பது ஓடும் இயல்பால் திரவமாகவும், மூலக்கூறுகளின் ஒழுங்கால் பளிங்காகவும் விளங்கும் ஒரு பொருள். 1888 ஆம் ஆண்டில் பிறாக் நகரிலிருந்த ஒஸ்ரியத் தாவரவியலாளர் பிரீட்றிக் றைனிற்சர் இதனை முதலில் கண்டார். அவர் ஆராய்ந்த பொருளுக்கு உருகுநிலை இரண்டாக இருந்தது. ஏறத்தாழ 145 பாகை செல்சியசில் அது கலங்கிய திரவமாயிற்று. ஏறத்தாழ 178 பாகையில் தெளிந்த திரவமாயிற்று. இடைப்பட்ட அந்தக் கலங்கல் நிலையே திரவப் பளிங்கு.

முக்கால் நூற்றாண்டு கழிந்த பின், நியூ ஜேர்சியின் பிறின்ஸ்ரன் நகரில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஆய்வு நிலையத்திலே, 1962 இல் றிச்சேட் வில்லியம்ஸ் என்பார் இப்பொருளின் மீது மின்னழுத்தம் பிரயோகித்தபோது அதன் தோற்றம் மாறுவதைக் கண்டார். அவர்தம் சக ஆய்வாளர் ஜோர்ஜ் ஹைல்மயரும் குழுவினரும் அதனை வளர்த்துச் சென்றனர். 1968 வைகாசி 28 ஆம் நாள், திரவப் பளிங்குத் திரையை ஆர்.சி.ஏ. நிறுவனம் நியூ யோர்க்கில் உலகுக்கு அறிவித்தது. சுவரில் படம்போல் மாட்டத்தக்க தொலைக்காட்சி வரும் என்ற கனவு அன்று பிறந்தது.

ஆனால், அக்கனவின் முன் நின்ற தடைகளுள் ஒன்று வெறும் ஈரமே. ஆர்.சி.ஏ. ஆய்வாளர் அறை வெப்பநிலையில் இயங்கும் கலவையைக் கண்டுபிடித்திருந்தனர். எனினும் அக்கலவையின் மூலக்கூறுகள் நீரைத் தாங்கவில்லை. சிறிதளவு நீராவி புகுந்தாலும் அவை இரு துண்டாகப் பிளந்தன. மூலக்கூறு பிளந்ததும் கலவையின் ஒழுங்கு கெடும், இலக்கங்கள் மங்கும். ஆதலால் தொடக்ககாலத் திரைகளை ஆக்கியோர், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே கலவையை நிரப்பியபின் அவற்றின் விளிம்பை அடைப்பதிலேயே பெரும் பாடுபட்டனர். 1973 இல் யப்பானின் ஷார்ப் நிறுவனம் திரவப் பளிங்குத் திரை கொண்ட கணிப்பானை விற்பனைக்கு விட்டது. ஆயினும் நெடுங்காலம் உழைக்கும் திரைக்கு வேறொரு பொருள் வேண்டியிருந்தது.

அதே 1973 இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜோர்ஜ் கிறேயும் அவர்தம் குழுவினரும் அப்பொருளை அறிவித்தனர். நீருக்கும் ஒளிக்கும் எளிதில் அசையாத புதிய மூலக்கூறு அது. எண்பதுகளில் நாம் கையிற் கட்டிய இலக்க மணிக்கூடுகள் ஆண்டுக்கணக்கில் உழைத்தமைக்கு இதுவே பெருங்காரணம். ஈரத்தை வெல்ல இரு வழி உண்டு என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. ஒன்று, ஈரம் புகாதவாறு அடைத்தல். மற்றது, ஈரம் பட்டாலும் கெடாத பொருளைத் தேடல். கிறே அவர்கள் தேடிக்கண்டது இரண்டாம் வழியை.

எனினும் திரவப் பளிங்குத் திரை முற்றாகத் தப்பிவிடவில்லை. அதன் இரு புறத்திலும் முனைவாக்கி எனப்படும் மெல்லிய தாள் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் அது புகவிடும். நீரில் கரையும் இயல்புள்ள ஒரு பிளாஸ்ரிக்கிலே அயடீன் ஏற்றி, இருபுறமும் பாதுகாப்புத் தாள் வைத்து அதனை ஆக்குவர். வெப்பமும் ஈரமும் சேர்ந்து தாக்கினால் முனைவாக்கி வெளிறும். பாதுகாப்புத் தாளும் சிதைந்து வினாகிரி வாசம் வீசும். பழைய திரைப்படச் சுருள்களை அழிக்கும் நோயும் இதுவே. பழைய கணிப்பான் ஒன்றை அலுமாரியிலிருந்து எடுக்கும்போது புளித்த மணம் வீசினால், அதன் காரணத்தை இப்போது அறிவீர்கள்.

நீறாத சுண்ணாம்பும் கிடுகு வேய்தலும்

இன்று பெரும்பாலான புதிய கைத்தொலைபேசிகளில் இருப்பது வேறொரு திரை. சேதனப் பொருளொன்று மின்னோட்டம் பெற்றுத் தானே ஒளிர்வது அதன் இயல்பு. 1987 இல் நியூ யோர்க் மாநிலத்தின் றொச்செஸ்ரர் நகரிலுள்ள கொடாக் நிறுவனத்தில், சிங் ராங், ஸ்ரீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும் இவ்வகையிற் பயன்தரத்தக்க முதற் கருவியை வெளியிட்டனர். 1998 இல் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீவன் பொறெஸ்ற், அவரோடு இணைந்து ஆய்ந்த மார்க் தொம்சன் ஆகியோரின் குழு, ஒளிர்திறனைப் பன்மடங்கு உயர்த்தும் வழியைக் காட்டியது. அவ்வாய்வை வணிகத்துக்குக் கொணர்ந்த யுனிவேர்சல் டிஸ்பிளே நிறுவனம், நம்மவர் வாழும் ஊர்களுக்கு அண்மையில் நியூ ஜேர்சியின் யூவிங்கில் இருக்கிறது.

இந்தத் திரையின் அழகு பெரிது. ஈரத்தின் முன் அதன் அச்சமும் பெரிது. அதன் எதிர்மின்வாயாக அமையும் உலோகம் நீராவியோடும் ஒட்சிசனோடும் எளிதில் சேரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை வழியாக ஈரம் புகுந்ததும் அவ்விடத்தில் கரும்புள்ளி தோன்றும். நாளடைவில் அது நிலவைக் கௌவும் அரவுபோல் வளரும். பின்னர் அப்புள்ளி ஆறாது.

எவ்வளவு ஈரத்தை இத்திரை பொறுக்கும்? பொறியியலாளர் வகுத்த அளவு இது: ஒரு சதுர மீற்றர் பரப்பினூடாக ஒரு நாளில் புகத்தக்க நீர், ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. அதாவது, அப்பரப்பினூடாக ஒரு கிராம் நீர் கடந்து செல்வதற்குப் பத்து இலட்சம் நாட்கள், ஏறத்தாழ 2,700 ஆண்டுகள் ஆகவேண்டும். கடையில் பொருள் சுற்றித்தரும் மெல்லிய பொலித்தீன் தாளோ ஒரே நாளில் கிராம் கணக்கான நீராவியைக் கடக்கவிடும். நீரைத் தடுக்கும் பொருளெல்லாம் நீராவியையும் தடுக்கும் என்று எண்ணுதல் தவறு என்பது இதனால் விளங்கும்.

இத்துணை நுண்ணிய கசிவை அளப்பதற்கு ஓர் எளிய உபாயம் கண்டனர். கல்சியம் என்னும் உலோகத்தை மெல்லிய படலமாகப் பூசி, அதன்மேல் சோதிக்கவேண்டிய காப்பை இடுவர். கல்சியப் படலம் கண்ணாடிபோல் மின்னும், ஒளியைக் கடக்கவிடாது. ஈரம் பட்ட இடத்தில் மட்டும் அது ஒளி புகும் பொருளாக மாறிவிடும். எத்தனை நாளில் எவ்வளவு பரப்பு வெளிக்கிறது என்பதைக் கொண்டு கசிவைக் கணிப்பர்.

முதலில் கையாண்ட காப்பு மிக எளியது. திரையின் பின்புறத்தை உலோக மூடியாலோ கண்ணாடி மூடியாலோ அடைத்து, உள்ளே நீராவியை உறிஞ்சும் பொருளொன்றை வைத்தனர். அவ்வாறு வைத்த பொருள்களுள் ஒன்று கல்சியம் ஒட்சைட்டு. பெயர் புதிதெனினும் பொருள் நம் பாட்டிமார் அறிந்ததே. நீறாத சுண்ணாம்புதான் அது. நீரைக் கண்டதும் பொங்கிக் குடித்து நீறிவிடும் அந்தச் சுண்ணாம்பே, திரையினுள் புகுந்த ஈரத்தையும் குடித்துத் தன்னுள் அடக்கியது.

ஆயினும் வளையும் திரைக்குக் கண்ணாடி மூடி உதவாது. அதற்கு மெல்லிய, வளையத்தக்க காப்பு வேண்டும். அலுமினியம் ஒட்சைட்டுப் போன்ற பொருளைப் படலமாகப் பூசினால் ஈரம் கடவாது; ஆனால் எந்தப் படலத்திலும் சில நுண்துளைகள் இருந்தே தீரும். அதே பொருளை மேலும் தடிப்பாகப் பூசினாலும் பழைய துளை மேலும் நீண்டு செல்லுமேயன்றி அடைபடாது. இச்சிக்கலுக்கு வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வுகூடத்தில் விடை கண்டனர். அவ்வழியைத் தொழிலாக வளர்த்தது குடாப் பகுதியின் சான் ஹொசே நகரில் அமைந்த விற்றெக்ஸ் நிறுவனம். ஒட்சைட்டுப் படலம் ஒன்று, அதன்மேல் பிளாஸ்ரிக் படலம் ஒன்று, மீண்டும் ஒட்சைட்டு, மீண்டும் பிளாஸ்ரிக் என மாறிமாறி அடுக்கினர்.

இதன் தத்துவத்தை விளக்க எனக்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. நம்மூர் வீட்டுக் கூரை போதும். பின்னிய கிடுகு ஒவ்வொன்றிலும் துளைகள் உண்டு. ஒற்றைக் கிடுகின் கீழ் நின்றால் நனைவோம். ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக, மேற்கிடுகின் துளைக்கு நேரே கீழ்க்கிடுகின் துளை வாராதபடி நெருக்கி வேய்ந்தால், மாரி முழுவதும் பெய்தாலும் உள்ளே ஒழுகாது. மழைத்துளி ஒரு துளையால் இறங்கினாலும் மறு துளையைத் தேடி நெடுந்தூரம் பக்கவாட்டில் ஓடவேண்டும்; அதற்குள் அது இறவாரத்தை அடைந்துவிடும். திரையின் காப்பிலும் நீராவிக்கு நேர்வது இதுவே. அது படலத்துக்குப் படலம் பக்கவாட்டில் அலைந்து, திரையை அடைவதற்குள் ஆண்டுகள் பல கழிந்துவிடும். விற்றெக்சின் தொழில்நுட்பம் பின்னர் கொரியாவின் சாம்சுங் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. குடாப் பகுதியில் எழுந்த கற்றீவா என்னும் மற்றொரு நிறுவனம், நைதரசன் நிரம்பிய அடைப்பினுள்ளே, மை தெளித்து அச்சிடுவதுபோலக் காப்புப் படலத்தை இடும் இயந்திரத்தை 2013 இல் அறிவித்தது.

டலஸ் நகரத்து நுண்ணாடிகள்

ரெக்சாசின் பங்கு வேறுவகையானது. 1987 இல் டலஸ் நகரத்து ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனத்தில் லரி ஹோர்ன்பெக் என்பார், சிலிக்கன் துண்டு ஒன்றின்மேல் நுண்ணாடிகளை வரிசை வரிசையாக நிறுத்தும் கருவியை ஆக்கினார். ஒவ்வோர் ஆடியும் தலைமயிரின் தடிப்பினும் சிறியது; மின்னின் ஆணைப்படி இப்புறமோ அப்புறமோ சாயும். சாயும் திசைக்கேற்ப ஒளி பெருந்திரைக்குச் செல்லும் அல்லது விலகிப்போகும். 1999 இல் நியூ ஜேர்சியிலும் லொஸ் ஏஞ்சலசிலும் சில அரங்குகளில் படச்சுருளே இன்றித் திரைப்படம் காட்டப்பட்டபோது இக்கருவியும் பயன்பட்டது. 2015 இல் ஹோர்ன்பெக்குக்குத் திரைப்படக் கழகத்தின் ஒஸ்கார் விருதும் கிடைத்தது.

இதற்கும் ஈரமே பகை. நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதை யாவரும் அறிவோம். நுண்ணாடி சாய்ந்து தொடும் இடத்தில் நீரின் நுண்படலம் சேர்ந்தால், அது அங்கேயே ஒட்டிக்கொள்ளும். திரையில் ஒரு புள்ளி மாறாது நிற்கும். ஆகவே காற்றும் புகாத உறையினுள் ஈர உறிஞ்சியோடு சேர்த்து அக்கருவியை அடைத்தனர். பிறின்ஸ்ரனில் திரவப் பளிங்குத் திரையை வளர்த்த ஹைல்மயர் 1977 இல் இந்த ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனத்திற்கே வந்து, தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக உயர்ந்தார் என்பதும் நோக்கத்தக்கது. அவர் 2014 இல் ரெக்சாசின் பிளேனோ நகரில் காலமானார்.

மழையில் நிற்கும் திரைகள்

நியூ ஜேர்சியில் 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாகன ஓட்டி தானே பெற்றோல் நிரப்பலாகாது. ஆதலால் மழையிலும் பனியிலும் பெற்றோல் நிலையங்களிலே ஊழியர் நின்று பணிபுரிகின்றனர். நம்மவர் பலருக்கு இந்நாட்டில் வாய்த்த முதல் வேலையும் அதுவே. அங்கே அவரோடு சேர்ந்து நிற்பது நிரப்புங் கருவியின் திரை. அத்திரை படும் பாட்டைக் கவனித்தால் ஈரத்தின் வழிகள் யாவும் விளங்கும்.

முதலாவது பனித்தல். குளிர்நீர் நிறைந்த கோப்பையின் புறத்தே நீர் துளிர்ப்பதுபோல, குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டதும் நீர் படியும். வெளிக்கண்ணாடிக்கும் திரைக்கும் இடையே வெற்றிடம் விட்டிருந்தால் அங்கேயும் மூடுபனி படரும். இதனைத் தவிர்க்க, அவ்விடைவெளியைத் தெளிந்த பசையால் முற்றாக நிரப்பி ஒட்டிவிடுகின்றனர். காற்றுக்கு இடமில்லையேல் பனித்தலுக்கும் இடமில்லை. வெயிலில் எழுத்தும் தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது உப்பு. கறியுப்புப் போத்தல் மாரி காலத்தில் கசிவதை நம் பெண்கள் அறிவர். காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டியதும் உப்பு தானே நீரை ஈர்த்து உப்புநீராகிவிடும். உப்புநீர் மின்னைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். பருத்தித்துறைக் கடற்காற்றும், நியூ ஜேர்சி வீதிகளில் மாரியில் தூவும் உப்பும் இவ்வகையில் ஒன்றே. ஊரில் கடலோரத்தே வாழும் உறவினருக்குத் தொலைக்காட்சிப் பெட்டி அனுப்புவோர் இதனை மனங்கொள்க: உப்புக்காற்று வரும் யன்னலுக்கு எதிரே அதனை வைக்கலாகாது.

மூன்றாவது வெப்பம். ரெக்சாசின் கோடையில் பூட்டிய மோட்டார் வாகனத்தின் உட்புறம் 60 பாகை செல்சியசையும் எட்டும். திரவப் பளிங்குக் கலவை ஒவ்வொன்றுக்கும் ஒரு மேல் எல்லை உண்டு. கிறே வழிவந்த பழைய கலவை ஒன்றுக்கு அவ்வெல்லையும் ஏறத்தாழ 60 பாகையே. அதனைத் தாண்டினால் மூலக்கூறுகளின் ஒழுங்கு குலைந்து திரை முழுவதும் ஒரே நிறமாகிவிடும். இன்றைய கலவைகளின் எல்லை உயர்ந்தது. ஆயினும் முனைவாக்கியும் பசையும் பற்றரியும் அவ்வெப்பத்தைத் தாங்கா. அப்பிள் நிறுவனம் தனது கைத்தொலைபேசியை 35 பாகை வரையிலேயே பயன்படுத்துமாறு கூறுகிறது.

'நீர்த்தடை' என விளம்பரஞ் செய்யும் கருவிகளில் ஐ.பி. 67, ஐ.பி. 68 என்ற குறிகளைக் காண்பீர்கள். முதல் இலக்கம் தூசியைப் பற்றியது. 6 என்பது தூசி புகாமை. இரண்டாம் இலக்கம் நீரைப் பற்றியது; 7 என்பது ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பது. 8 என்பது ஆக்கியோர் கூறும், அதனிலும் கடுமையான நிபந்தனை. இச்சோதனை நடைபெறுவது புதிய கருவியில், நன்னீரில். கடல்நீர், சவர்க்கார நீர், வெந்நீராவி ஆகியவற்றுக்கு அது உறுதியன்று. விளிம்பிலுள்ள ஒட்டுப்பசையும் இறப்பர் வளையமும் காலத்தால் தளரும். ஒருமுறை விழுந்தோ, திறந்து திருத்தப்பட்டோ இருந்தால் பழைய காப்பு எஞ்சியிருக்கும் என நம்பலாகாது.

நாம் செய்யத்தக்கவை

இனி வாசகியின் வினாவுக்கு வருவோம். அரிசி உதவாது. அது திறந்த காற்றினும் விரைவாக ஈரத்தை இழுப்பதில்லை. அதன் தூளும் துகளும் துளைகளில் புகுந்து கேடு செய்யும். அப்பிள் நிறுவனமும் 2024 இல் அரிசியில் இடவேண்டாம் என அறிவுறுத்தியது. நனைந்த கருவியை உடனே நிறுத்துக. மின்னேற்றாதீர்; ஈரமும் மின்னும் சேரும்போதே அரிப்பு விரையும். மின்னேற்றுந் துளை கீழ்நோக்க மெல்லத் தட்டி நீரை வடித்து, காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் வைக்க. மயிருலர்த்தியின் சூட்டுக்காற்றைச் செலுத்தாதீர். குச்சியோ துணியோ நுழைக்காதீர்.

அம்மையார் சிறப்பாக அறியவேண்டியது ஒன்றுண்டு. திரை இறப்பதும் நினைவகம் இறப்பதும் ஒன்றல்ல. குரற்பதிவுகள் உறைவது திரையிலன்று, உள்ளே தனியாக உள்ள சில்லில். தேர்ந்த திருத்துநர் புதுத் திரை பொருத்தியோ, சுற்றுப்பலகையைத் துப்புரவு செய்தோ கருவியை ஒருமுறை விழிக்கச் செய்தால், பதிவுகளை எடுத்துவிடக்கூடும். அதற்குக் கடவு இலக்கம் இன்றியமையாதது. இன்றைய கருவிகளில் பதிவுகள் மறையாக்கஞ் செய்யப்பட்டிருத்தலால், இலக்கம் தெரியாவிடின் திருத்துநராலும் ஆவது ஒன்றில்லை. கருவியை வெறுமையாக்கித் தரச் சொல்பவரிடம் கொடுக்காதீர். இன்னொரு வழியும் உண்டு. வட்ஸ்அப் வழியாக வந்த குரலாயின், அனுப்பியவரின் கருவியிலும் அதன் படி இருக்கலாம். தாயாரின் தொலைபேசி இப்போது ஊரில் யாரிடம் இருக்கிறது என்று இன்றே விசாரியுங்கள். அதனை எவரும் அழித்துவிடாதிருக்கச் சொல்லுங்கள்.

ஏனையோருக்குச் சில குறிப்புகள். மாரி காலத்தில் வெளியில் கிடந்த தொலைக்காட்சிப் பெட்டியையோ கணனியையோ வீட்டுக்குள் கொணர்ந்ததும் இயக்காதீர். அறையின் வெப்பநிலையை அடையும்வரை சில மணி நேரம் பொறுத்திருங்கள். உள்ளே பனித்த நீர் அதற்குள் உலரும். குளியலறை நீராவியில் கைத்தொலைபேசியை வைத்துப் பாட்டுக் கேட்கும் இளையோரைத் தடுங்கள். சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாதீர். இறுக மூடும் தகரப்பேணியில் அவற்றையிட்டு, நினைவகத் தட்டுகளையும் பழைய படங்களையும் கடவுச்சீட்டுகளையும் அதனுள் வையுங்கள். பிள்ளைகள் வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

2012 இல் சண்டிப் புயலும், 2021 இல் ஐடாவின் எச்சமும் நியூ ஜேர்சியை மூழ்கடித்தன. 2017 இல் ஹார்வி புயல் தென்கிழக்கு ரெக்சாசின் சில இடங்களில் 60 அங்குலத்துக்கும் மேல் மழை பொழிந்தது. வெள்ளத்தில் நனைந்த எந்த மின்கருவியையும், உலர்ந்துவிட்டதாகத் தோன்றினும், மின்செருகியில் இணைக்காதீர். திரையினும் உயிர் பெரிது. நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருப்போர் பத்திரங்களையும் கருவிகளையும் மேல்தட்டில் வைப்பதை வழக்கமாக்கிக் கொள்க.

இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்று. அந்நியர் பதிவிலக்கம், சட்டத்தரணியின் தொலைபேசி இலக்கம், நீதிமன்றத் தவணை நாள், ஊரிலுள்ள உறவினரின் இலக்கங்கள் ஆகியவற்றை இன்றிரவே ஓர் அப்பியாசக் கொப்பியில் மையால் எழுதுங்கள். பதிவிலக்கம் கையில் இருந்தால், குடிவரவு நீதிமன்றத்தின் தானியங்கித் தொலைபேசியில் எவருடைய கருவியிலிருந்தும் தவணையை அறியலாம். கைத்தொலைபேசி வழியாக இருப்பை அறிவிக்க வேண்டியவர், அது பழுதானால் அன்றே வேறொரு தொலைபேசியில் தமக்குரிய அதிகாரிக்கும் சட்டத்தரணிக்கும் அறிவிக்க வேண்டும்; திரை பழுது என்று வாளாவிருத்தல் பேராபத்து.

குரலும் படமும் ஒரே கருவியில் மட்டும் உறங்கவேண்டாம். ஒரு படியை மகளிடமும் ஒரு படியை ஊரிலுள்ள தம்பியிடமும் கொடுத்து வையுங்கள். நம் முன்னோர் ஏட்டைக் காத்த வழியும் இதுவே. எண்ணெய் பூசினர், துணியில் கட்டினர்; ஆனால் எந்த ஏடும் என்றென்றும் நிலைக்குமென அவர்கள் நம்பியிருக்கவில்லை. பழைய ஏடு மடியுமுன் புதிய ஏட்டில் படியெடுத்தனர். நமக்கு இன்று எஞ்சியுள்ள சங்க நூல்கள் அவ்வாறு படியெடுத்தவர்களின் கைவழியே வந்தவை.

அடுத்த கிழமை, ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய ஒலிநாடாக்களையும் வீடியோ நாடாக்களையும் பேணும் முறைபற்றி எழுதுவேன். அதுவரை அவற்றை நிலக்கீழ் அறையில் வைத்திருப்போர் மேலே எடுத்து வைப்பார்களாக.